புதர் மண்டிய குண்டுமல்லியைக் கவாத்து செய்யும் முறை

இரண்டு மூன்று ஆண்டுகள் கத்தரி படாமல் விட்ட குண்டுமல்லிச் செடி, மேலே குடை விரித்தாற்போல் அடர்ந்தும் உள்ளே வெறும் காய்ந்த குச்சிகளாகவும் நிற்கும். பூவோ கைக்கெட்டாத நுனிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருக்கும். உரம் போதவில்லை என்று எண்ணிப் பலர் பிண்ணாக்கைக் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை. மல்லிகை புதுத் துளிர்களில்தான் மொட்டு வைக்கும் என்பதால், பழைய கிளைகளைக் குறைக்காதவரை பூவும் குறைவாகவே இருக்கும்.

குண்டுமல்லிக்கு ஏற்ற காலம் நவம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்பதால், இரண்டையும் வளர்ப்பவர்கள் ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தால், மழை விட்டுச் செடி நன்றாக உலரும்வரை காத்திருப்பது நல்லது. ஈரத்தில் வெட்டிய வாயில் பூஞ்சை எளிதாகப் பற்றிக்கொள்ளும்.

கூரான கவாத்துக் கத்தரியே போதும். அரிவாளால் கழித்தால் பட்டை நார் நாராகக் கிழிந்து, வெட்டுவாய் ஆறுவதற்கு நாளாகும். முதலில் காய்ந்த கிளைகளை அடியோடு எடுத்துவிட வேண்டும். ஐயம் இருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் உயிருள்ள கிளை, பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் பட்ட கிளை. அடுத்து நோய் தாக்கியவை, ஒன்றோடொன்று உரசுபவை, நோஞ்சான் குச்சிகள் ஆகியவற்றை நீக்கினால், செடியின் உண்மையான உருவம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தரையில் படர்ந்த கிளை வேர்விட்டிருந்தால் எறிந்துவிடாதீர்கள். வேரோடு பெயர்த்து நட்டால் அது தனிச் செடியாகும்.

எஞ்சிய திடமான கிளைகளைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில், வெளிப்புறம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, நீர் தேங்காதபடி லேசான சாய்வாக வெட்ட வேண்டும். கணுவை ஒட்டி வெட்டினால் துளிர் கருகும். மிகவும் தள்ளி வெட்டினால் மிஞ்சிய முனை காய்ந்து அழுகலுக்கு இடம் தரும். செடியை மொட்டையடித்துவிட்டதாக வீட்டில் பெரியவர்கள் பதறக்கூடும்; நுனியை மட்டும் மேலோட்டமாகக் கத்தரித்து அவர்களைச் சமாதானப்படுத்தினால், அடுத்த ஆண்டும் அதே புதர்தான் மிஞ்சும். தடித்த கிளைகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுங்கள்.

கழித்தவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்தியபின், தண்டை ஒட்டாமல் சுற்றிலும் மண்ணைக் கொத்திவிட்டு, செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். தொட்டிச் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். சில வாரங்களில் கணுதோறும் துளிர் வெடிக்கும். அவை நெருக்கமாக வந்தால் உள்நோக்கியவற்றை மட்டும் கிள்ளிவிடுங்கள். மார்ச் வாக்கில் பூ வரத் தொடங்கும். இரண்டாம் முறை உரத்தை ஜூன் அல்லது ஜூலையில் இட்டால் போதுமானது.