கல்விக் கடன் கேட்பதற்கு முன் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் பல குடும்பங்கள் முதலில் வங்கிக்குப் போகின்றன. உதவித்தொகையைப் பற்றிய பேச்சு கல்லூரி திறந்த பிறகே எழுகிறது. அதற்குள் தேவைக்கு மேல் கடன் வாங்கியாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கலந்தாய்வுக்குக் காத்திராமல் முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதுதான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்கே உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இடம் போய்விடும் என்ற பயத்தில் இவற்றை இழந்துவிட்டு, அதே தொகைக்கு வங்கியில் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

அடுத்தது வட்டிக் கணக்கு. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பதை, அதுவரை வட்டியே கிடையாது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்காண்டுக்கு வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில், முதல் தவணைக்கு முன்பே 1.4 லட்சம் சேர்ந்துவிடும். ஆண்டுக்கு 25,000 ரூபாய் சலுகை கிடைத்து 75,000 மட்டும் வாங்கினால் வட்டி 1.05 லட்சம். அதாவது அசலில் ஒரு லட்சம் குறைவதோடு வட்டியிலும் 35,000 மிச்சம். வங்கி அனுமதித்த தொகை முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அந்தந்த ஆண்டின் தேவையை மட்டும் எடுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், சில நிபந்தனைகளுடன், தொழிற்கல்விக் கடனுக்கு இந்த அவகாசக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுக்காததால் இதைத் தவறவிடாதீர்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் எதற்குக் காணும் என்று, கல்லூரி மாணவியருக்கும் மாணவர்களுக்கும் தமிழக அரசு தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களை அலட்சியம் செய்வதும் சரியல்ல. வேறு உதவித்தொகை பெறுபவர்களும் இவற்றைப் பெறலாம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இது 36,000 ரூபாய். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போகும் மாணவன், இதனால் பல இரவுகள் வேலைக்குப் போகாமல் படிக்கலாம்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவித்தொகை தாமதமாகும்போது, கட்டணம் கட்ட வகுப்பை விட்டு வேலைக்குப் போகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அது குறைந்து ஒரு பருவம் போனால், சம்பாதித்ததைவிடக் கூடுதலாகச் செலவாகும். கந்துவட்டிக்கு வாங்குவது அதைவிட மோசம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைக் காட்டி, கட்டணத்துக்கு அவகாசம் தரும்படி கல்லூரியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். ஆதார் இணைக்காத வங்கிக் கணக்காலும் தொகை தடைப்படலாம் என்பதால் அதை முன்பே சரிபாருங்கள்.

தாமதமாக வந்த தொகையைச் செலவழித்துவிடாமல் கடன் கணக்கில் கட்டிவிடுங்கள். வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது.