மல்லிகை ஓய்ந்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடாதவை

பூ குறைந்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோட்டத்தை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. மல்லிகை பழைய குச்சியில் அரும்பு கட்டாது. கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்குப் பிறகு வெடித்து வரும் புதுத் தளிர்களில்தான் கட்டும். ஒரு தூரில் எத்தனை தளிர், எவ்வளவு தெம்பாக எழுகிறது என்பது மார்கழியிலும் தையிலும் முடிவாகிவிடும். பங்குனியில் உரத்தைக் கொட்டி அதை ஈடுகட்ட முடியாது.

ஆள் கிடைத்த அன்றைக்கே எல்லாச் செடியையும் வெட்டிவிடுவது அடுத்த தவறு. குண்டுமல்லி, ஜாதிமல்லி, முல்லை மூன்றுக்கும் ஓய்வுக் காலம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்பதுதான் கணக்கு. அந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நாலு நாள் தள்ளிப் போடலாம். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறும். அதற்காக ஒரு மாதம் தள்ளிவிட்டால் முதல் பூவும் அந்த அளவுக்குப் பின்னுக்குப் போகும்.

வெட்டும் விதத்தில்தான் அதிகம் கெடுகிறது. கவாத்துக்கு முன்பே தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிட வேண்டும். பிறகு தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், அதாவது முழங்கால் மட்டத்தில், எல்லாக் கிளையையும் வெட்டுங்கள். நுனியை மட்டும் கிள்ளிவிட்டு ‘கவாத்து ஆயிற்று’ என்றால் செடி உயரத்தில் மட்டும் தளிர்க்கும், நடுவில் காற்றும் வெயிலும் புகாது. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று பின்னிய கிளை, உள்நோக்கி வளர்ந்தவை அத்தனையும் அடியோடு போக வேண்டும், மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட வேண்டும். மழுங்கிய அரிவாள் வேண்டவே வேண்டாம். குச்சி நார்நாராகக் கிழிந்து, கிழிந்த இடம் கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். கூரான கத்தரியால், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரே வெட்டு. தடித்த கிளைகளின் வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள். நோய் கண்ட தூரை வெட்டிய கத்தரியைத் துடைக்காமல் அடுத்த தூருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வெட்டிய குச்சியையும் இலையையும் செடியடியிலேயே மூடாக்காகப் போடுகிறார்கள். மற்ற பயிருக்கு அது நல்ல யோசனைதான். மல்லிகைக் கழிவில் சிலந்திப் பேனும் பூஞ்சணமும் ஒட்டியிருக்கும், புதுத் தளிர் வந்ததும் அவை அதில் ஏறிவிடும். தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்துங்கள்.

உரம் தூரை ஒட்டி விழக்கூடாது. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, சுற்றிலும் மண்ணைக் கொத்திப் பள்ளம் பறித்து இட்டு மூட வேண்டும். செடிக்கு ஆண்டுக்குத் தேவை 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து. அதில் பாதியைக் கவாத்து முடிந்ததும் இடுங்கள், மீதி ஜூன், ஜூலையில். கடையில் வாங்கும் உரக் கணக்கில் அந்தப் பாதி அளவு என்பது சுமார் 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ். கூடவே 10 கிலோ தொழு உரம், நன்றாக மக்கியதாக. சூடு அடங்காத சாணத்தைப் போட்டால் வேர் வெந்துபோகும், களை விதையும் கூடவே வரும்.

உரமிட்டதும் ஒரு தண்ணீர் கட்டாயம். அதன்பின் தினம் பாய்ச்சுவது பாசமல்ல, பாதகம். இலையில்லாத செடி குடிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். சேறாகக் கிடக்கும் மண்ணில் வேரழுகல் பிடிக்கும். விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருக்கட்டும்.

தளிர் மஞ்சளாக வந்தால் யூரியாவைத் தேடாதீர்கள். அடி இலை முழுதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. நுனித் தளிரில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புக் குறை. சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் இது அடிக்கடி வரும். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கலந்து மாலையில் தெளிக்கலாம். நேற்றுக் கலந்து வைத்தது துருநிறமாகிக் கிடந்தால் கொட்டிவிடுங்கள், அதில் பயனில்லை.

வரிசை நடுவே சும்மா கிடக்கும் இடத்தில் கத்தரி, தக்காளி, வெண்டை போடும் ஆசை எல்லோருக்கும் வரும். மூன்றும் வேரில் முடிச்சு விழவைக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழுவுக்கு விருந்து. எதையாவது போட்டே ஆகவேண்டுமென்றால் செண்டுமல்லி போடுங்கள், அதன் வேர் நூற்புழுவை அடக்கும்.

வாடிச் செத்த தூரைப் பிடுங்கும்போது அடியைக் கவனியுங்கள். வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது அழுகல் பூஞ்சணம். அந்த உருண்டைகள் மண்ணில் பல காலம் உயிரோடு கிடக்கும். எனவே அதே குழியில் உடனே புதுக் கன்று வைக்காதீர்கள். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியைக் கரைத்து, குழியும் பக்கத்துத் தூர்களும் நனைய ஊற்றுங்கள். நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணமான டிரைகோடெர்மாவையும் அன்றைக்கே சேர்த்துப் போடுபவர்கள் உண்டு. பூஞ்சணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சணம், கெட்ட பூஞ்சணம் என்ற வித்தியாசம் தெரியாது. இரண்டு வாரம் இடைவெளி விட்டு, டிரைகோடெர்மாவைத் தொழு உரத்தில் கலந்து இடுங்கள்.

கவாத்து முடிந்து மூன்று வாரமாகியும் துளிர்க்காத தூரை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். தரை மட்டம் வரை பழுப்பேதான் என்றால் மட்டும் மண்வெட்டியை எடுங்கள்.