அமெரிக்காவில் அரசு ஹைஸ்கூல் டீச்சர் ஆக என்னென்ன தகுதி வேண்டும்?

ஊரில் பி.எட். முடித்து, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு அமெரிக்கா வந்தவர்கள், இங்கே ஐடியில் வேலை பார்த்து அலுத்துப்போய் கற்பித்தல் பக்கம் வர நினைப்பவர்கள், இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்விதான்: இங்குள்ள பப்ளிக் ஹைஸ்கூலில் டீச்சர் ஆக முடியுமா? முடியும். ஆனால் எந்த வரிசையில் போகிறோம் என்பது ரொம்ப முக்கியம். வரிசை மாறினால் பணமும் போகும், ஒரு வருடமும் போகும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நாடு முழுவதற்குமான ஆசிரியர் உரிமம் என்று இங்கே எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று விதி வைத்திருக்கிறது, தானே உரிமம் கொடுக்கிறது. அதனால் நீங்கள் இருக்கும் மாநிலத்தின் கல்வித்துறை தளத்தில் ஆசிரியர் உரிமம் பற்றிய பக்கத்தை முதலில் உட்கார்ந்து படியுங்கள். அந்த மாநிலம் ஏற்றுக்கொண்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் அங்கேயே இருக்கும். பட்டியலில் இல்லாத ஆன்லைன் கோர்ஸ் எவ்வளவு அழகான சர்டிபிகேட் கொடுத்தாலும் உரிமத்துக்கு உதவாது, அதற்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

அடிப்படைத் தகுதி இளநிலைப் பட்டம். ஹைஸ்கூல் என்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, அதற்கான உரிமம் பாடவாரியாகத்தான் வரும், அதாவது கணக்குக்கு வாங்கிய உரிமத்தில் வேதியியல் எடுக்க முடியாது. எனவே பட்டம் இருக்கிறதா என்பதோடு, நீங்கள் எடுக்கப்போகும் பாடத்தில் கல்லூரி அளவில் எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்றும் பார்ப்பார்கள். நியூ ஜெர்சியில் அந்தப் பாடத்தில் 30 கிரெடிட் (கல்லூரிப் படிப்பை அளக்கும் அலகு) கேட்பார்கள், அதில் 12 கிரெடிட் கல்லூரியின் மேம்பட்ட (அட்வான்ஸ்டு) பாடங்களில் இருக்க வேண்டும். டெக்சாஸில், வேலை பார்த்துக்கொண்டே முடிக்கும் மாற்றுவழிப் பயிற்சியில் சேர கணக்கு, அறிவியலுக்கு 15 கிரெடிட், மற்ற பாடங்களுக்கு 12. பி.இ. படித்தவர்கள் தங்களிடம் கணக்குப் பட்டம் இல்லையே என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். நாலு வருட இன்ஜினியரிங்கில் படித்த கணக்கு, இயற்பியல் பாடங்களைக் கூட்டிப் பார்த்தால் பலருக்குத் தேவையான எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிடும், குறைகிற ஒன்றிரண்டு பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் படித்துச் சேர்க்க முடியுமா என்று மாநில அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கிரெடிட் கணக்கு எங்கிருந்து வருகிறது? இந்தியப் பட்டத்தை இங்குள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனம் பார்த்து, இது அமெரிக்காவில் எதற்குச் சமம் என்று அறிக்கை கொடுக்கும். நம் ஆட்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லா நிறுவனத்தின் அறிக்கையையும் எல்லா மாநிலமும் ஏற்காது, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகின்றன, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அறிக்கையிலும் இரண்டு வகை உண்டு. பட்டத்துக்கு மட்டும் சமநிலை சொல்லும் மலிவான அறிக்கை போதாது, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே கிரெடிட்டும் கிரேடும் போட்ட விரிவான அறிக்கைதான் தேவைப்படும்.

உங்கள் மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். பழைய மார்க் ஷீட்டாக இருந்தால் சிலவற்றில் 'மேஜர் பேப்பர் 4', 'அல்லைடு 2' என்று மட்டும்தான் இருக்கும். அது கால்குலஸா, அல்ஜீப்ராவா என்று இங்கே உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் படித்த வருடத்து சிலபஸைக் கல்லூரியிலிருந்து முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்து இன்னொன்று என்று மூன்று பெயர் இருக்கும். எல்லாம் ஒருவர்தான் என்று காட்டும் ஆவணங்களை முன்கூட்டியே திரட்டிவிடுங்கள். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பவேண்டிய டிரான்ஸ்கிரிப்டுக்கு (எல்லாப் பாட மதிப்பெண்களும் உள்ள அதிகாரப்பூர்வப் பதிவு) ஊரில் யாராவது ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய் வந்தால்தான் வேலை நகரும். லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இதை முதல் வாரத்திலேயே ஆரம்பியுங்கள், கிளம்புகிற வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மூன்று வருட பி.எஸ்சி., பி.ஏ. மட்டும் இருந்தால் சில நிறுவனங்கள் அதை மூன்று வருடப் படிப்பாகத்தான் கணக்கில் எடுக்கும், முழுப் பட்டம் என்று சொல்லாது. கூடவே எம்.எஸ்சி.யோ எம்.ஏ.வோ இருந்தால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்தது பயிற்சி. பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேர்ந்து, ஒரு பள்ளியில் அனுபவமுள்ள ஆசிரியரின் கீழ் நின்று பாடம் எடுத்து முடிப்பது வழக்கமான வழி. கலிபோர்னியாவில் இந்த வகுப்பறைப் பயிற்சி மட்டும் 600 மணி நேரம், பெரும்பாலும் சம்பளம் இருக்காது. இன்னொன்று மாற்றுவழி. நியூ ஜெர்சி 1980களிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது, இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. ஏற்கெனவே பட்டம் இருப்பவர் தற்காலிக உரிமத்தோடு வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே மாலையிலோ வார இறுதியிலோ பயிற்சியை முடிக்கலாம். குடும்பச் செலவைப் பார்க்க வேண்டியவர்களுக்கு இது நல்ல வழிதான். ஆனாலும் முதல் நாளே முழு வகுப்பையும் தனியாகச் சமாளிக்க வேண்டும், இங்குள்ள பதினாறு வயதுப் பிள்ளைகளை ஒரு தடவைகூட வகுப்பில் பார்க்காதவர் நேராக இதில் குதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊரில் முடித்த பி.எட். வீணில்லை, சில மாநிலங்கள் அதை ஆசிரியர் பயிற்சியாக ஏற்றுக்கொள்ளும், முழுவதுமா பாதியா என்பது மதிப்பீட்டு அறிக்கையைப் பொறுத்தது.

விசா விஷயத்தில் கவனம். எச்4 விசாவில் (எச்1பி விசாவில் வேலை பார்ப்பவரின் துணைவருக்கான விசா) இருப்பவருக்கு வேலை அனுமதி அட்டை இல்லையென்றால் சம்பளம் தரும் மாற்றுவழியில் சேர முடியாது. படிப்பு, மதிப்பீடு, தேர்வு இதையெல்லாம் அந்தக் காத்திருப்பிலேயே முடித்துவைக்கலாம். ஊரில் இப்போதே ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஜே1 ஆசிரியர் பரிமாற்றத் திட்டம் என்று தனி வழி உண்டு, குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், அது நிரந்தரமானது அல்ல.

தேர்வுகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் பிராக்சிஸ், டெக்சாஸில் டெக்சஸ் (TExES), கலிபோர்னியாவில் சிசெட், புளோரிடாவில் எஃப்டிசிஇ. பிராக்சிஸ் ஒரே தேர்வுதான், ஆனால் தேர்ச்சி மதிப்பெண்ணை ஒவ்வொரு மாநிலமும் தானே நிர்ணயிக்கும், பக்கத்து மாநிலத்துத் தோழி பாஸான மதிப்பெண் உங்களுக்குப் போதாமல் போகலாம். தவறினால் 28 நாள் கழித்து மறுபடி எழுதலாம். பாடத்தில் நமக்குப் பயமிருக்காது, கேள்வியின் நடைதான் புதிது, அதனால் அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பழகுங்கள்.

கைரேகை எடுத்துப் பின்னணிச் சோதனை எல்லா இடத்திலும் உண்டு, அதில் பெரிய வேலை எதுவும் இல்லை. உரிமம் வாங்கியபின் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், மாநிலங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருப்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது. நியூயார்க்கில் ஆரம்ப உரிமம் ஐந்து வருடத்துக்கு, அதற்குள் முதுநிலைப் பட்டம் முடித்து அடுத்த நிலை உரிமத்துக்குப் போக வேண்டும். கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்குப் பல மாநிலங்களில் ஆள் பற்றாக்குறை, தேர்ந்தெடுக்க வாய்ப்பிருப்பவர்கள் இதையும் யோசியுங்கள்.

இதற்கு நடுவே வேலை அனுமதி உள்ளவர்கள் உங்கள் வட்டாரப் பள்ளியில் சப்ஸ்டிட்யூட் டீச்சராக (லீவில் இருக்கும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு எடுப்பவர்) விண்ணப்பியுங்கள், முழு உரிமம் இல்லாமலே இதற்குப் பல இடங்களில் எடுப்பார்கள். பிள்ளைகள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், போனை எங்கே வைக்கச் சொல்கிறார்கள், தாமதமாக வருபவனை டீச்சர் எப்படி நடத்துகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பிரின்சிபலுக்கும் உங்கள் முகம் பழகும். அடுத்த கல்வியாண்டுக்கான ஆசிரியர் இடங்களை வசந்த காலத்திலேயே அறிவிக்கத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் மதிப்பீட்டு அறிக்கையும் தேர்வு மதிப்பெண்ணும் கையில் இருக்கும்படி நாட்களைப் பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். நேர்காணலில் முதல் வருடத்துக்கு வழிகாட்டி ஆசிரியர் ஒருவரைத் தருவார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.