குவாரித் தண்ணீரில் சூழல் டிஎன்ஏ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனும் தவளையும் நண்டும் தண்ணீரில் விட்டுச்செல்லும் சளி, செல், கழிவு ஆகியவற்றை வடிகட்டி, அதிலுள்ள டிஎன்ஏவைக் கொண்டு அங்கே எவை வாழ்கின்றன என்று அறிவதுதான் சூழல் டிஎன்ஏ முறை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரக் கல்குவாரிகளுக்கும் மணவாளக்குறிச்சிப் பக்கத்துத் தாது மணல் கரைக்கும் நன்றாகப் பொருந்தும். கையுறை மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் எல்லாக் கையேட்டிலும் உண்டு. இங்கே சொல்லப்போவது, அறிக்கையையே கெடுக்கும் தவறுகளை.

கலங்கல் தண்ணீரைப் பார்த்து 'உயிரினம் குறைவு' என்று எழுதுவது

புதிதாக வருபவர்கள் இதை விடாமல் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் செலவழித்த பணம் முழுவதும் இதில்தான் வீணாகிறது.

நடப்பது இதுதான். தெளிந்த ஓடைத் தண்ணீர் 0.45 மைக்ரான் ஃபில்டரில் ஒரு லிட்டர் இறங்கிவிடும். கிரஷருக்குக் கீழே உள்ள குட்டையில் பாறைப்பொடி மிதக்கும். பல நேரம் 200 மில்லியிலேயே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். 'இவ்வளவுதான் இறங்கியது' என்று அதையே ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஓடையில் நிறைய இனம், குட்டையில் சில இனம் என்று முடிவு வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பார்த்தால் அரிய இனங்கள் விடுபடத்தானே செய்யும்? குவாரியின் பாதிப்பையா அளந்தீர்கள், ஃபில்டர் அடைப்பையா?

அடைப்புக்குப் பயந்து, பொடி அடியில் படியட்டும் என்று பாட்டிலை வைத்துவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. களிமண் துகளில் டிஎன்ஏ ஒட்டிக்கொள்ளும். துகளோடு அதுவும் அடியில் போய்விடும்.

சரியான வழி: மீன்களின் டிஎன்ஏ பெரும்பாலும் செல்லாகவும் திசுத்துணுக்காகவும் மிதப்பதால் 5 மைக்ரான் ஃபில்டரிலும் கணிசமாகத் தங்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். கலங்கல் குட்டைக்கு மட்டும் மாற்றாதீர்கள். அதுவும் அடைத்தால் அடுத்த ஃபில்டரைப் போடுங்கள். ஒரே மாதிரியின் ஃபில்டர்களை டிஎன்ஏ பிரிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி இறங்கியது என்று அங்கேயே எழுதுங்கள். அப்படியும் ஒரு லிட்டர் வராவிட்டால், தெளிந்த ஓடையிலும் அதே குறைந்த அளவையே எடுங்கள்.

இதோடு முடியவில்லை. களிமண்ணும் இரும்பும் இலைச்சருகின் கறையும் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட ஓடைகளில் சருகு ஊறிய தண்ணீர் தேயிலை நிறத்தில் வரும். அங்கே தெளிவாகத் தெரியும் மாதிரிகூடத் தடைபடலாம். சோதிப்பது எளிது. பிரித்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து, நீர்க்காததோடு சேர்த்துக் குவான்டிடேட்டிவ் பிசிஆரில் (டிஎன்ஏ எவ்வளவு என்று அளக்கும் பிசிஆர்) ஓட்டுங்கள். தடை இல்லையென்றால் நீர்த்ததன் சமிக்ஞை சுமார் 3.3 சுழற்சி தாமதமாக எழும். அதைவிடக் குறைவான தாமதமோ, முன்னதாகவே எழுவதோ தடையின் அடையாளம். அப்போது நீர்த்த மாதிரியையே பயன்படுத்துங்கள், அல்லது தடைநீக்கும் வடிகுழாயில் (column) சுத்தம் செய்யுங்கள். இந்தச் சோதனை இல்லாத அறிக்கையில் 'இல்லை' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

ஓடையில் சாளை

மலையடிவார ஓடையில் கடல் மீன்களான சாளையும் அயலையும் வந்தால் பதற வேண்டாம். மீன் கழுவிய தண்ணீர் எல்லா ஊர் ஓடையிலும் கலக்கிறது. பட்டியலிலிருந்து ஓசையில்லாமல் நீக்கிவிடாதீர்கள். 'வீட்டுக்கழிவு' என்று தனியே காட்டுங்கள். மதியம் மீன்குழம்பு சாப்பிட்ட கையும் ஒரு காரணம் ஆகலாம்.

வெற்று மாதிரி இல்லாமல் போவது

மேலே சொன்ன சந்தேகத்தைத் தீர்ப்பது இது ஒன்றுதான். டிஎன்ஏ இல்லாத தண்ணீரைக் களத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே திறந்து, அதே பம்பில் வடிகட்டுங்கள். நாளுக்கு ஒன்றாவது.

மேலிருந்து கீழே இறங்கி எடுப்பது

கீழே தொடங்கி மேலே போங்கள். கால் கலக்கியது மாதிரியில் வரக்கூடாது.

கால்வாய் கொண்டுவருவதை மறப்பது

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளங்களுக்கு வருகிறது. அணை மீனின் டிஎன்ஏவும் கூடவே வரும். பாறைக்குழிக்கோ மழையும் ஊற்றும்தான். கால்வாய்க் குளத்தை ஒப்பீட்டு இடமாக வைத்தால் குழி எப்போதும் தோற்கும். கைவிட்ட பழைய குழியையோ, கால்வாய் சேராத குளத்தையோ தேடுங்கள்.

நிரப்பிய மணலை இன்றைய நிலையாக வாசிப்பது

தாது பிரித்தபின் திரும்ப நிரப்பும் மணலில் மேலும் கீழும் கலந்திருக்கும். படிவில் டிஎன்ஏ தண்ணீரில் இருப்பதைவிட நெடுநாள் தங்கும். நிரப்பிய இடத்தில் ஒரு இனத்தின் டிஎன்ஏ கிடைத்தது என்பதற்காக அது திரும்பி வந்துவிட்டது என்று எழுதக்கூடாது. கரையில் வளையையும் தடத்தையும் கண்ணால் எண்ணிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரீட் (இயந்திரம் படித்த டிஎன்ஏ துண்டு) எண்ணிக்கையை மீன் எண்ணிக்கையாக்குவது

வேண்டாம்.

ஒரே மழையோடு நிறுத்துவது

இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும். இரண்டுக்கும் முன்னும் பின்னும் எடுங்கள். தோண்டத் தொடங்குமுன் ஒரு சுற்றாவது முடித்திருக்க வேண்டும்.

கிடைத்த பெயரை அப்படியே நம்புவது

மீனுக்குப் பரவலாகப் பயன்படும் 12எஸ் என்ற மரபணுத் துண்டு சுமார் 170 டிஎன்ஏ எழுத்து நீளம்தான்; நெருங்கிய உறவுடைய இனங்களை அது பிரிக்காமல் போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மீன், இனங்களின் டிஎன்ஏ பதிந்த தரவுத்தொகுப்பில் இல்லையென்றால் கணினி அதன் உறவினத்தின் பெயரைத் தரும். அங்கே பேரினத்தோடு நிறுத்துங்கள். வலையில் கிடைக்கும் மீனின் துடுப்பு நுனியைச் சிறிது வெட்டி 95% எத்தனாலில் போட்டு, படமும் இடமும் குறித்துவைத்தால் உங்கள் தரவுத்தொகுப்பே வளரும். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இதற்கு வனத்துறை அனுமதி முதலில் வேண்டும்.