டெக்சாஸ் கம்யூனிட்டி காலேஜில் பாட எண்ணை வாசிப்பது எப்படி?

அக்கா மகன் ஹைஸ்கூல் முடித்துவிட்டு, டல்லாஸ் பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேரப்போகிறான். இரண்டு வருடம் அங்கே, அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்ஜினியரிங் என்பது திட்டம். போன வாரம் பாடப் பட்டியலை எனக்கு அனுப்பிவிட்டு, "சித்தி, இதெல்லாம் என்ன, கார் நம்பர் மாதிரி இருக்கு?" என்று கேட்டான்.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த எண்களை வாசிக்கத் தெரியாமல் ஒரு செமஸ்டரையும் அதற்குக் கட்டிய பணத்தையும் விட்டவள் நான். அந்தக் கதை மூன்றாம் படியில் வருகிறது. அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இது டெக்சாஸ் கணக்கு. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே எண் போடும் முறையே வேறு.

படி 1: எழுத்தையும் எண்ணையும் பிரியுங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம். கணக்குக்கு எம்.ஏ.டி.எச்., ஆங்கிலத்துக்கு இ.என்.ஜி.எல். பேச்சில் "மேத் 2413", "இங்கிலீஷ் 1301" என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

இந்த எண்கள் ஒரு கல்லூரி தன் விருப்பத்துக்குப் போட்டவை அல்ல. மாநிலம் முழுவதற்கும் பொதுவான எண்முறை இது. அதனால் ஹூஸ்டனில் படித்தாலும் ஆஸ்டினில் படித்தாலும் கம்யூனிட்டி காலேஜில் இங்கிலீஷ் 1301 என்றால் அதே கட்டுரைப் பாடம்தான்.

படி 2: நான்கு இலக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்

மேத் 2413 என்பதை எடுத்துக்கொள்வோம். இதுதான் கால்குலஸ் முதல் பாகம்.

முதல் இலக்கம் 2. பொதுவாக இரண்டாம் ஆண்டு நிலைப் பாடம் என்று அர்த்தம். 1 என்றால் முதல் ஆண்டு. 0 என்றால் அடிப்படையைச் சரிசெய்துகொள்ளும் பாடம். அதற்கும் பணம் கட்டவேண்டும், மதிப்பெண்ணும் வரும், ஆனால் பட்டத்துக்கான கணக்கில் சேராது.

இரண்டாவது இலக்கம் 4. இதுதான் முக்கியம். கிரெடிட், அதாவது பட்டத்துக்கான கணக்கில் அந்தப் பாடத்துக்குச் சேரும் அளவு, எத்தனை என்பதை இது சொல்கிறது. மேத் 2413-க்கு 4 கிரெடிட், இங்கிலீஷ் 1301-க்கு 3. கட்டணம் பெரும்பாலும் கிரெடிட் கணக்கில்தான் வரும் என்பதால், பட்டியலைப் பார்த்தே செலவை மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

கடைசி இரண்டு இலக்கம் 13. ஒரே நிலையில் உள்ள பாடங்களைப் பிரித்துக் காட்டும் எண்.

கெமிஸ்ட்ரியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சில கல்லூரிகளில் கெமிஸ்ட்ரி 1411 என்று ஒரே பாடமாக இருக்கும். வேறு சில இடங்களில் 1311, 1111 என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். வகுப்புக்கு 3 கிரெடிட், லேபுக்கு 1, கூட்டினால் 4. கடைசியில் வரும் 11 மூன்றிலும் மாறவில்லை, கவனித்தீர்களா? கல்லூரி அல்ஜீப்ராவும் அப்படித்தான். மேத் 1314 என்றும் இருக்கும், 1414 என்றும் இருக்கும். பாடம் ஒன்றே, கிரெடிட்தான் ஒன்று கூடுதல்.

படி 3: எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசியுங்கள்

இப்போது என் கதை. வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரத்தில் படித்தேன். பின்னால் பி.பி.ஏ. முடிக்கலாம் என்ற எண்ணத்தில், அக்கவுண்டிங் என்று தலைப்பில் பார்த்ததும் சேர்ந்துவிட்டேன். ஏ.சி.என்.டி. 1303. நல்ல மார்க்கும் வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தபோது, "உங்களுக்கு வேண்டியது ஏ.சி.சி.டி. 2301, இது அது இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். திரும்ப முதலிலிருந்து படித்தேன். தப்பு என்னுடையதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். டெக்சாஸ் உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம் இரண்டு கையேடுகள் வைத்திருக்கிறது. ஒன்றில் இருப்பவை பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்வதற்கென்றே உள்ள பொதுக் கல்விப் பாடங்கள். மற்றொன்றில் நேரே வேலைக்குத் தயார்செய்யும் தொழிற்பாடங்கள். ஏ.சி.சி.டி. முதல் கையேட்டில் இருக்கிறது, ஏ.சி.என்.டி. இரண்டாவதில். கம்ப்யூட்டரிலும் இதே பொறி உண்டு. சி.ஓ.எஸ்.சி. 1436 பல்கலைக்கழகத்தை நோக்கிய புரோகிராமிங் பாடம். ஐ.டி.எஸ்.இ., ஐ.டி.என்.டபிள்யூ., ஐ.டி.எஸ்.ஒய். என்று ஐ.டி.யில் தொடங்குபவை தொழிற்பாடங்கள்.

தொழிற்பாடம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நர்சிங்குக்கோ நெட்வொர்க் வேலைக்கோ அதுதான் நேர் வழி. இரண்டு வருடத்தில் வேலைக்குப் போக நினைப்பவர் அதைத்தான் எடுக்கவேண்டும். நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்பவர் தெரியாமல் அதில் போய்ச் சிக்கிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் பாடத்தின் விவரப் பக்கத்தில் அது எந்த வகை என்று பாருங்கள், இல்லையென்றால் ஆலோசகரைக் கேளுங்கள்.

படி 4: தலைப்பு ஒன்றுபோல இருந்தால் உஷாராகுங்கள்

பிசிக்ஸ் 1401 இருக்கிறது, பிசிக்ஸ் 2425 இருக்கிறது. இரண்டும் இயற்பியல் முதல் பாகம், இரண்டுக்கும் 4 கிரெடிட், இரண்டிலும் லேப் உண்டு. முன்னது அல்ஜீப்ராவை வைத்து நடத்துவது, பின்னது கால்குலஸை வைத்து. இன்ஜினியரிங் போகிறவனுக்கு 2425, 2426 இரண்டும்தான் வேண்டும். 1401 எளிதாக இருக்கும் என்று அதில் சேர்ந்தால் இன்ஜினியரிங் பட்டத்துக்கு அது உதவாது.

பயாலஜியில் 1406 அந்தத் துறையில் மேலே படிப்பவர்களுக்கு, 1408 மற்றவர்களுக்கு. இதில் எண்ணைப் பார்த்து எதையும் ஊகிக்கவே முடியாது. பாட விவரத்தை வாசித்தே ஆகவேண்டும்.

தொடர் எண் என்பதால் ஒன்று முடித்துத்தான் அடுத்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். கால்குலஸில் 2413, 2414, 2415 வரிசையாகத்தான் போகவேண்டும். ஆனால் கவர்மென்ட் 2305 கூட்டாட்சி அரசைப் பற்றியது, 2306 டெக்சாஸ் அரசைப் பற்றியது. எதை முதலில் படித்தாலும் சரி. ஒரு பாடத்துக்கு முன் எதை முடித்திருக்கவேண்டும் என்பது அதன் விவரத்தில் தனியாக எழுதியிருக்கும்.

படி 5: கோர் பட்டியலில் எந்தப் பெட்டி என்று பாருங்கள்

மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் 42 கிரெடிட் கோர் பாடத்திட்டம் உண்டு, அதாவது நான்காண்டுப் பட்டத்துக்கு எந்தத் துறைக்காரரும் படிக்கவேண்டிய பொதுப்பாடங்கள். அது ஒன்பது பெட்டிகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு: 010 மொழித் தொடர்பு, 020 கணக்கு, 030 அறிவியல், 060 அமெரிக்க வரலாறு, 070 அரசியல் என்று 090 வரை. வரலாற்றுக்கும் அரசியலுக்கும் ஆறு ஆறு கிரெடிட், கணக்குக்கு மூன்று மட்டும். (கணக்குக்கு மூன்றா என்று நம் ஊர் அப்பாக்கள் ஒருவர் விடாமல் கேட்பார்கள்.)

42 கிரெடிட்டையும் ஒரே கல்லூரியில் முடித்துவிட்டால், மாநிலப் பல்கலைக்கழகம் அதை மொத்தமாக ஏற்றுக்கொள்ளும். பாதியில் மாறினால் ஒவ்வொரு பாடமாகப் பார்ப்பார்கள்.

படி 6: பாட எண் வேறு, வகுப்பு எண் வேறு

பதிவு செய்யும் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது குறிப்பிட்ட ஆசிரியர், நாள், நேரம் சேர்ந்த வகுப்புக்கானது. ஒவ்வொரு செமஸ்டரும் மாறும். நண்பன் போன வருடம் குறித்துவைத்த எண்ணைப் போட்டால் வேறு எதிலாவது போய் நிற்பீர்கள்.

படி 7: போகப்போகும் பல்கலைக்கழகத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள்

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தனக்கென்று வேறு முறை வைத்திருக்கிறது. அங்கே மூன்று இலக்கம்தான், முதல் இலக்கமே கிரெடிட். ஜி.ஓ.வி. 310எல் (அரசியல் பாடம்) என்றால் 3 கிரெடிட், எம் 408சி என்றால் 4 கிரெடிட். 408-ஐப் பார்த்து நான்காம் வருடப் பாடம் என்று நினைத்துவிடக் கூடாது, அது கால்குலஸ். நிலையைச் சொல்வது கடைசி இரண்டு இலக்கம்: 19 வரை முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள், 20-லிருந்து 79 வரை மேல்நிலை, 80-லிருந்து முதுகலை. எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்தில் அட்டவணை வைத்திருக்கும். பணம் கட்டும் முன் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, முதல் செமஸ்டருக்கு என்ன எடுக்கிறாய் என்று அவனிடம் கேட்டேன். இங்கிலீஷ் 1301, மேத் 2413, கெமிஸ்ட்ரி 1411, கவர்மென்ட் 2305 என்று எழுதி அனுப்பினான். மொத்தம் எத்தனை கிரெடிட் என்று நான் கேட்பதற்குள் அடுத்த செய்தி வந்தது: "3, 4, 4, 3. மொத்தம் 14 சித்தி. ஃபுல் டைமுக்கு 12 போதும்ல?"