கேமரா லைனுக்கு கிளீன்ரூம்: எங்கே தொடங்குவது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கேமரா மாட்யூல் (லென்ஸும் சென்சாரும் சேர்ந்த சிறு கேமரா) உற்பத்தி லைன் போட வருகிறவர்களுக்குக் கிளீன்ரூம், அதாவது தூசியைக் கட்டுப்படுத்திய அறை, வேண்டும். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது காற்றின் நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் என்ன விலை என்றுதான். அது பிறகு. எந்த வேலைக்கு எந்தத் தூய்மை வகுப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கிளீன்ரூம்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14644-1 கணக்கில், வகுப்பு 7 அறையின் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,52,000-ஐத் தாண்டக் கூடாது. வகுப்பு 5-ல் 3,520. படத்தைப் பதியும் சென்சார் திறந்திருக்கும் மேசைக்கு மேலே மட்டும் ஃபில்டர் யூனிட் வைத்து 5 ஆக்குங்கள், மற்ற இடம் 7-ல் இருக்கட்டும். அறை முழுவதும் 5 என்று போனால் கரண்ட் பில் கட்டி மாளாது. வெளித் தூசி உள்ளே வராமலிருக்க, அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிட 5 முதல் 20 பாஸ்கல் கூடுதலாக இருந்தால் போதும்.

அப்புறம் ஆட்கள். தூசியில் பெரும்பங்கு நம் உடம்பிலிருந்துதான் வருகிறது: தோல், முடி, துணியின் நூல். நம் ஊரில் இதோடு மல்லிகைப்பூ, முகப் பவுடர், விபூதி, குங்குமம் எல்லாம் சேரும். "கூடாது" என்று போர்டு மாட்டினால் மட்டும் நடக்காது. லாக்கர், முகம் கழுவ இடம், கண்ணாடி மூன்றையும் கொடுத்து, ஏன் என்று சொல்லுங்கள். சென்சாரில் விழுந்த ஒரு துகள் படத்தில் கரும்புள்ளியாகத் தெரிவதைத் திரையில் காட்டுங்கள். லைனில் இருக்கும் பெண்கள் அதைப் பார்த்த பிறகு மேற்பார்வையாளரைவிடக் கறாராக இருப்பார்கள், இது நான் பார்த்தது. உடை மேலிருந்து கீழே: தலைமூடி, மாஸ்க், ஹூட், கவரால் (உடல் முழுவதும் மூடும் ஒற்றை உடை), பூட்ஸ், கடைசியில் கையுறை. கவரால் தரையில் படவே கூடாது.

அட்டைப்பெட்டி உள்ளே வர வேண்டாம், வெளியிலேயே பிரித்துவிடுங்கள். துடைப்பமும் வேண்டாம், ஈர மாப் போதும். ஏசி காற்றை ரொம்ப உலர்த்திவிட்டால் நிலைமின்சாரம் ஏறி, லென்ஸைத் தாங்கும் பிளாஸ்டிக் குழல் தூசியை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்து, மேசையில் நிலைமின்சாரத்தை நீக்கும் அயனைசரும் போடுங்கள்.

சோதனை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆளில்லாத அறையில் எடுத்த அளவை மட்டும் காட்டி சான்றிதழ் தந்தால், "வேலை நடக்கும்போது எடுத்த அளவு எங்கே?" என்று கேளுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில், கதவு திறந்து மூடும்போது, துகள் எண்ணும் கருவி சென்சார் மேசையருகே ஓடிக்கொண்டிருக்கட்டும். எண்ணிக்கை எல்லை தாண்டினால் லைனை நிறுத்தும் அதிகாரம், மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டருக்கே இருக்க வேண்டும்.