மிடில்-எர்த்தின் பின்கதைக்குள் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலை முடித்த பிறகும் அது நடக்கும் கற்பனை உலகமான மிடில்-எர்த்தை விட்டு வெளியே வர மனம் வராதவர்கள் நிறைய பேர். கதையில் ஒரே வரியில் வந்துபோன அரசன் யார், அந்த இடிந்த கோட்டையைக் கட்டியது யார் என்று தேட ஆரம்பிப்பார்கள். தேடினால் பதில் கிடைக்கும். நாவலாசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் அந்த அளவுக்கு யோசித்து வைத்திருந்தார். ஆனால் பல கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் இருக்கும். ரசிகர்களுக்குள் நடக்கும் பாதிச் சண்டை இதனால் வருவதுதான்.

எல்லாவற்றையும் ஒரே புத்தகம்போல எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. ஹாபிட் 1937-இல் வந்தது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியானது. டோல்கீன் 1973-இல் இறந்தார். அந்த உலகத்தின் பழங்கால வரலாற்றைச் சொல்லும் சில்மரில்லியன் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அச்சேறியது. பல பத்தாண்டுகளாக எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளிலிருந்து அதைக் கோத்துத் தந்தவர் அவருடைய மகன் கிறிஸ்டோபர் டோல்கீன். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல வடிவங்களில் ஏதாவது ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. அதில், எல்ஃப்கள் என்ற சாவில்லா இனத்தாரின் டோரியாத் அரசு அழிந்ததைச் சொல்லும் அத்தியாயத்துக்குத் தந்தை முழுமையான பிரதி எதுவும் விட்டுப்போகவில்லை. பெரும்பகுதியைப் பதிப்பாசிரியர்தான் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

கில்-கலாட் என்ற எல்ஃப் அரசனை எடுத்துக்கொள்வோம். சில்மரில்லியனில் அவர் ஃபிங்கானின் மகன். புத்தகத்தில் அச்சாகியிருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் மிடில்-எர்த் வரலாறு என்ற 12 தொகுதி வரிசையின் கடைசித் தொகுதியில், 1996-இல், கிறிஸ்டோபரே அந்தத் தேர்வு தவறு என்று எழுதிவிட்டார். தந்தையின் கடைசி முடிவுப்படி கில்-கலாட் ஓரோட்ரெத்தின் மகன். சில்மரில்லியனில் இன்றைக்கும் ஃபிங்கான் என்றுதான் இருக்கிறது. அதனால் 'கில்-கலாடின் அப்பா யார்?' என்று யாராவது கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்துவது சரியில்லை. எந்தப் புத்தகத்தின்படி, எந்த ஆண்டு நிலவரப்படி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பதில்.

அடுத்தது, பதிப்பைப் பார்க்காமல் பேசுவது. மிடில்-எர்த்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதில்தான் இருக்கிறது. ஹாபிட் நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகன் பில்போவும் குகைவாசி கோல்லமும் இருட்டுக் குகையில் விடுகதைப் போட்டி நடத்துகிறார்கள். 1937 பதிப்பில் பில்போ ஜெயித்தால் கோல்லம் தருவதாகச் சொன்ன பரிசே, அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் அந்த மோதிரம்தான்! தோற்றதும் மோதிரத்தைத் தேடுகிறான், கிடைக்கவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறான். மோதிரம் ஏற்கெனவே பில்போவின் பையில் இருக்கிறது. பரிசுக்குப் பதிலாக வெளியே போக வழிகாட்டினால் போதும் என்கிறான் பில்போ, கோல்லமும் காட்டுகிறான்.

பிறகு லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதும்போது அந்த மோதிரம் யாருடைய மனத்தையும் அரித்துவிடும் பொருளாக மாறுகிறது. அப்படிப்பட்ட ஒன்றைக் கோல்லம் பந்தயம் வைப்பானா? டோல்கீன் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார், 1951 பதிப்பில் அது வந்தது. இப்போது நாம் படிக்கும் ஹாபிட்டில் கோல்லம் 'திருடன்' என்று அலறுவது அப்படி வந்ததுதான். இத்தோடு விட்டிருந்தால் அது சாதாரணத் திருத்தம். ஆனால் டோல்கீன் பழைய வடிவத்தைக் குப்பையில் போடவில்லை. அது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். மோதிரத்தின்மேல் தனக்கு உரிமை இருப்பதாகக் காட்டிக்கொள்ள அவன் அப்படி எழுதிவைத்தான், மந்திரவாதி கேண்டால்ஃபுக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது என்று லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முன்னுரை சொல்கிறது. மோதிரத்தை என்ன செய்வது என்று பேசும் எல்ரோண்டின் சபையில் பில்போ உண்மையைச் சொல்லி மன்னிப்பும் கேட்கிறான். இரண்டு பதிப்புகளின் முரண்பாடே மோதிரம் பில்போவை எப்படிப் பிடித்து ஆட்டியது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. முரண்பாட்டைக் கண்டதும் 'ஆசிரியர் கோட்டைவிட்டுவிட்டார்' என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்த மாதிரி இடங்களையெல்லாம் தவறவிடுகிறார்கள்.

இதையொட்டியே இன்னொன்று: கதைக்குள் யார் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் போவது. தீயவனின் படையாட்களான ஆர்க்குகள் எப்படி உருவானார்கள் என்று கேட்டால் 'எல்ஃப்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து உருவாக்கினார்கள்' என்று உடனே பதில் வரும். சில்மரில்லியனில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தை நிதானமாகப் படித்தால், எல்ஃப்கள் வாழும் எரெஸ்ஸியா தீவின் அறிஞர்கள் இப்படித்தான் நம்புகிறார்கள் என்ற தொனியில் அது சொல்லப்பட்டிருப்பது தெரியும். அதாவது அது எல்ஃப்களிடையே நிலவும் நம்பிக்கை. இதை மாற்ற வேண்டும், ஆர்க்குகள் எல்ஃப் வழி வந்தவர்கள் இல்லை என்று டோல்கீன் பின்னாளில் தன் பிரதியில் குறிப்பே எழுதினார். மனிதர்களிலிருந்து வந்திருக்கலாமா என்றும் யோசித்துப் பார்த்தார். மிடில்-எர்த் வரலாறு வரிசையில் 1993-இல் வந்த பத்தாம் தொகுதியில் இதெல்லாம் இருக்கிறது. எதுவும் இறுதியாகவில்லை. தீயவனால் எதையும் புதிதாகப் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படியானால் ஆர்க்குகளுக்கு ஆன்மா உண்டா, மீட்சி உண்டா என்ற கேள்வி அவரை விடவே இல்லை. ஒற்றை வரிப் பதிலோடு நகர்ந்துவிட்டால் இந்தப் போராட்டம் நம் கண்ணில் படாது.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களையும் ரிங்ஸ் ஆஃப் பவர் தொடரையும் நாவலோடு கலப்பதைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெல்ம்ஸ் டீப் போருக்கு எல்ஃப் படை வருவது படத்தில் மட்டும்தான். நாவலின் ஃபராமிர், மோதிரத்தைச் சுமந்து போகும் ஃப்ரோடோவை ஆஸ்கிலியாத் நகரத்துக்கு இழுத்துப் போகவில்லை. மோதிரத்தைச் செய்த சௌரான் வெறும் நெருப்புக் கண்ணாக மட்டும் இருப்பவனும் இல்லை. அவன் கையில் நான்கே விரல்கள் இருப்பதைக் கோல்லம் சொல்கிறான். பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவில் 17 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன, கிளம்பும்போது அவனுக்கு வயது 50. 2022-இல் தொடங்கிய தொடரோ, நாவலுக்கு முந்தைய இரண்டாம் யுகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளியுள்ள சம்பவங்களை ஒரே தலைமுறைக்குள் சுருக்குகிறது. படைப்பாளிகள் மாற்றலாம், அதில் குற்றமில்லை. படத்தில் பார்த்ததை நாவலின் பெயரில் சொல்லாமல் இருந்தால் போதும்.

பால்ராக் என்ற நெருப்பு அரக்கனுக்குச் சிறகு உண்டா இல்லையா என்று வருடக்கணக்கில் மோதுவதையும் தவிர்க்கலாம். மோரியா அத்தியாயத்தில் முதலில் நிழல்தான் சிறகுகளைப்போல விரிகிறது. கொஞ்ச நேரத்தில் 'சிறகுகள்' என்றே வருகிறது. இரண்டு தரப்புக்கும் அந்தப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கும்போது யார் ஜெயிப்பது?

எல்லா மர்மத்தையும் அவிழ்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் இப்படித்தான். லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் வரும் டாம் பாம்படில் யார் என்பதற்கு ரசிகர்கள் சொல்லாத விளக்கமே இல்லை. ஆனால் 1954-இல் எழுதிய ஒரு கடிதத்தில், புராண காலத்திலும் சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், டாம் வேண்டுமென்றே விடப்பட்ட புதிர் என்று டோல்கீன் சொல்லிவிட்டார். ஊகம் செய்வதில் தப்பில்லை. அந்த ஊகத்தை உறுதியான செய்தியாகப் பரப்புவதுதான் தொல்லை. விக்கிப் பக்கமோ காணொளியோ எதுவானாலும், தகவல் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று காட்டுகிறதா என முதலில் பாருங்கள். காட்டினால் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை படித்துவிடுங்கள். காட்டாவிட்டால் அதை வைத்து வாதம் செய்யாதீர்கள்.

கடைசியாக, வரிசை. ஆர்வக்கோளாறில் நேராக 12 தொகுதிகளில் போய் விழுந்தால் வரைவுகளுக்கும் அடிக்குறிப்புகளுக்கும் நடுவில் திணறிப்போவீர்கள். சில்மரில்லியனை முதலில் எடுத்தவர்களும் பெயர்க் கூட்டத்தில் பாதியில் விட்டிருக்கிறார்கள். கையில் இருக்கும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் பின்னிணைப்புகளை முதலில் படியுங்கள், பலரும் புரட்டாமலேயே மூடிவிடும் பக்கங்கள் அவை. அரகோர்ன்–ஆர்வென் காதல் கதை விரிவாக இருப்பது முதல் பின்னிணைப்பில்தான். இரண்டாவதில் ஆண்டுவாரியாகக் காலவரிசை இருக்கிறது. அது முடிந்ததும் சில்மரில்லியன், அதற்குப் பிறகு 1980-இல் வந்த முற்றுப்பெறாத கதைகள். எல்ஃப் பெண் கலாட்ரியலின் வாழ்க்கைக்கு எத்தனை வடிவங்கள் இருந்தன என்று கிறிஸ்டோபர் பொறுமையாக எடுத்துவைப்பது அந்தப் புத்தகத்தில்தான். அது உங்களுக்குச் சலிப்புத் தட்டாமல் சுவையாக இருந்தால், 12 தொகுதிகளுக்கும் நீங்கள் தயார்.